பொஸ்டனில் இருந்த குழுவும் ரொறன்ரோவில் இருக்கும் குழுவும்

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் உள்ள தமிழ்ச் சபைகள் பலவற்றில் அருட்பணிக் குழு என்று ஒன்று உண்டு. ஐந்தாறு பேர் கூடுவார்கள், ஜெபிப்பார்கள், வந்த விண்ணப்பங்களைப் பார்ப்பார்கள். மட்டக்களப்பில் ஒரு சிறுவர் இல்லம், வன்னியில் ஓர் ஆலயக் கூரை, மலையகத்தில் ஓர் ஊழியரின் மாதச் செலவு. யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுத்துப் பணத்தை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்றே நம்மிற் பலர் நினைக்கிறோம். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற 2022ஆம் ஆண்டிலேயே கனடாவிலும் ஒரு மாற்றம் வந்தது. பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கான சட்டம் அந்த ஆண்டு யூன் மாதத்தில் திருத்தப்பட்டது. வரிக்கழிவுப் பற்றுச்சீட்டு வழங்கும் சபைகள் எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். அதுவரை, ஊரிலுள்ள ஒரு சபையோடு சேர்ந்து பணி செய்வதென்றால், அந்தப் பணியைக் கனடாச் சபை தன் சொந்தப் பணியாகவே நடத்தவும் கட்டுப்படுத்தவும் வேண்டும். கடதாசியில் அங்குள்ளவர்கள் நமது முகவர்கள், நாம் எசமானர்கள். திருத்தத்தின் பின்னர், அவர்கள் நடத்தும் தொண்டுப் பணிக்கே நேரடியாக நிதி வழங்கலாம். இதற்கான விரிவான வழிகாட்டலைக் கனடிய வருமானத்துறை 2023 டிசம்பரில் வெளியிட்டது.

ஆனால் கதவு திறந்ததோடு பொறுப்பும் கூடியது. பெறுகிறவர் யார், பணம் எதற்கு, அது தொண்டுக்கு மட்டுமே செலவானதா என்பதைச் சபை எழுத்தில் காட்ட வேண்டும். ஓர் அமைப்புக்கு ஒரு நிதியாண்டில் கொடுத்தது 5,000 டொலரைத் தாண்டினால், ஆண்டு அறிக்கையோடு அதன் விபரத்தையும் தனிப்படிவத்தில் கொடுக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. “இந்தப் பணத்தை எங்கள் ஊர்ச் சபைக்கே அனுப்ப வேண்டும்” என்ற நிபந்தனையோடு ஒருவர் தரும் நன்கொடையை ஏற்பது, சபையின் தொண்டுப் பதிவையே பறிகொடுக்க வழிவகுக்கலாம். எங்கு அனுப்புவது என்ற முடிவு சபையின் கையில் இருக்க வேண்டும். ஊர்ப்பாசத்தால் ஓடும் நமது கொடைப் பழக்கத்துக்கு இது நேர் எதிரானது. ஆகவே, உறைக்குள் பெயர் எழுதிப் பணம் தரும் மூத்தவரிடம் இதைப் பக்குவமாக விளக்குவதும் குழு உறுப்பினரின் வேலைதான்.

இனி, சட்டம் கற்றுத்தராத பாடம் ஒன்று. அது நம்முடைய வரலாற்றிலேயே இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு படித்தவர்களே. 1855இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. நிதி வழங்கிய மிஷன் சங்கத்தின் தலைமையகம் பொஸ்டனில் இருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரச உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு முழுப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல்வி யாழ்ப்பாணத்தாருக்கு என்னவாக இருந்தது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. பழைய மாணவர்களும் ஊரவர்களும் முயன்று, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்க, இடையில் பதினேழு ஆண்டுகள் போயின.

இன்று பணம் இருக்கும் இடம் ரொறன்ரோ. காத்திருக்கும் இடம் மாறவில்லை. கனடாக் குளிரில் நான்கு பேர் இருந்து, “இந்த ஆண்டு முன்பள்ளி வேண்டாம், மண்டபம் கட்டுவோம்” என்று தீர்மானிக்கும்போது, நாம் பொஸ்டன்காரர்களின் கதிரையில் இருக்கிறோம்.

நமக்கு வேறொரு முன்மாதிரியும் உண்டு. 1900இல் யாழ்ப்பாண மாணவர்கள் தமக்கென ஒரு மிஷன் சங்கம் அமைத்து, தமிழகத்தின் தொண்டிப் பகுதியில் பணிசெய்ய ஆளனுப்பித் தாங்கினார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டு தூண்டப்பட்டார். மறு ஆண்டில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளிடம் கேட்டது பணத்தை அல்ல, நட்பை. கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்ற நிலையை அன்றே ஒரு தமிழர் கேள்விக்குட்படுத்தினார். நம்மிடம் விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் அந்தச் சங்கத்தை அமைத்தவர்களின் வழிவந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் நல்ல குழு உறுப்பினர் என்ன செய்வார்? இருபது இடங்களுக்குச் சில்லறையாகப் பிரித்து அனுப்பாமல், மூன்று நான்கு இடங்களோடு ஐந்து ஆண்டாவது நிற்கச் சொல்வார். தம் மைத்துனர் போதகராக இருக்கும் சபையின் விண்ணப்பம் வந்தால், உறவைச் சொல்லிவிட்டு முடிவெடுக்கும் நேரத்தில் வெளியே போவார். தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போவதைச் சம்மதிக்கமாட்டார். படம் கேட்பதற்கு முன் கணக்குக் கேட்பார். உதவி பெறும் பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் சுற்றவிடமாட்டார். “உங்களுக்கு எது முதலில் வேண்டும்?” என்று அங்குள்ளவர்களைக் கேட்டு, வந்த பதில் நம் விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும் அதைக் கூட்டக்குறிப்பில் எழுதுவார்.

மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது மதமாற்றக் குற்றச்சாட்டு. 2004இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவில்லை, சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது. தமிழ்க் கிராமங்களிலும் இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்கின்றன. போரில் இரு வீடும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. நமது அரிசிப் பை ஒரு வீட்டு வாசலில் மட்டும் இறங்கினால், அதன் விலையைக் கொடுப்பது அங்கேயுள்ள போதகரும் அவர் பிள்ளைகளும்தான், நாமல்ல. நற்செய்தி ஊழியம் வேறு, நிவாரணம் வேறு என்று வரவுசெலவிலேயே பிரித்து எழுதுவது நல்லது. நிவாரணத்துக்கு ஆளெடுக்கும்போது மதம் கேட்கக் கூடாது என்பதை உடன்படிக்கையிலேயே சேர்க்கலாம்.

கடைசியாக, இங்கே பிறந்த பிள்ளைகள். பதினைந்து ஆண்டுகளில் இந்தக் குழுக்களில் இருக்கப்போவது அவர்கள்தான். அவர்களுக்கு ஊர்ப்பாசம் நம்மளவு இராது, ஆனால் கணக்கும் ஒழுங்கும் கேட்கும் பழக்கம் இருக்கும். இப்போதே இருவரைக் குழுவில் சேர்த்து, கூட்டத்தை அவர்களுக்கும் விளங்கும்படி நடத்தி, ஊரிலுள்ள சபையோடு அவர்களே நேரே பேச வழிசெய்தால், நாம் போன பிறகும் அந்தத் தொடர்பு இருக்கும். இல்லாவிட்டால் நம் தலைமுறையோடு பணமும் நிற்கும், உறவும் நிற்கும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை முதலாவதாகப் போடுங்கள்.