வெயிலின் மேல் போட்ட பழி

பிடித்த வீரருக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்தால், சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஷிப்ட் தொழிலாளர்களிடையே அன்று வேறு பேச்சு ஏது? 2012 பிப்ரவரியில் கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்குப் புற்றுநோய் என்றபோது நாடே அப்படித்தான் தவித்தது.

நோய் அதற்கு முன்பே நம் கண்ணெதிரே முகம் காட்டியிருந்தது. 2011 மார்ச் 20, சேப்பாக்கம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில் 113 ரன் குவித்த யுவராஜ், மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். சென்னை வெயில் என்றோம். அவரும் அப்படியே நினைத்தார். இரு நுரையீரல்களுக்கும் நடுவே கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. 362 ரன், 15 விக்கெட்டுடன் தொடர் நாயகன் ஆனது அந்த உடம்போடுதான். அமெரிக்காவில் கீமோதெரபி முடித்து, 2012 செப்டம்பர் 11 அன்று அதே சேப்பாக்கத்தில் மீண்டும் இறங்கினார். நியூசிலாந்திடம் ஒரே ரன்னில் தோற்றோம். அது யாருக்கு வலித்தது!

இந்தக் கரிசனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து மெஷினில் நிற்பவர் இரண்டு மாதமாக இருமினால் 'தூசிப்பா' என்று நகர்ந்துவிடுகிறோம். அது புற்றுநோயாகவே இருந்தாலும், சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகவிடாமல் தடுப்பது கூலி இழப்புதான். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இத்தகைய நோய்க்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீத ஊதியம் உண்டு; ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி வேலைக்கு எடுக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளி அதை எப்படி எட்டுவார்? புற்றுநோய்க்காவது இந்த நிபந்தனையை மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தளர்த்த வேண்டும்.