பொழுதறியும் கல்வி

சென்ற ஐப்பசியில் ஒருநாள், மாத்தளை மலைகளை மழை மறைத்து நிற்க, யாம் வகுப்பறையில் பெரும்பொழுது ஆறனையும் கற்பித்துக்கொண்டிருந்தோம். "கார்காலம் ஆவணியும் புரட்டாதியும் என்றீர்கள், ஐயா, பெருமழை இப்போதன்றோ பெய்கிறது?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். நூலையே நோக்கியிருந்த எம்மை அவ்வினா சாளரத்தையும் நோக்கச் செய்தது.

ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர் நம் முன்னோர். நாளினை அறுபது நாழிகையாக வகுத்து, நாழிகை வட்டிலில் நீரால் அளந்தனர். இவற்றை நம் மாணவர் பிழையின்றி ஒப்பிப்பர். ஆயின், இன்று வீசும் காற்று எப்பொழுதுக்குரியது என வினவின், விடை கூறுவார் சிலரே.

தொல்காப்பியர் பொழுதை நிலத்தோடு பிணைத்தார். முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியன என்றார். கூதிராவது ஐப்பசியும் கார்த்திகையும். மலைநாடாகிய மாத்தளையில் மழை மிகுவதும், உழவர் பெரும்போகத்துக்கு வயலைப் பண்படுத்துவதும் இக்காலத்தேதான். இலக்கிய மரபு வானிலைக் குறிப்பன்று. ஆயினும், அம்மாணவி கண்டது நூலுக்கு முரணன்று, குறிஞ்சியின் கூதிரே எனலாம்.

பொழுதறிவு வழக்கொழிந்தால் நேர்வது யாது? 1897ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கொலிஞி என்னும் ஊரில், உடைந்த வெண்கலப் பலகையொன்றின் துண்டுகள் கிடைத்தன. பண்டைக் கெல்தியரின் ஆண்டுக் கணக்கு அது. ஐந்தாண்டுக்கு 62 திங்கள். அவற்றுள் இரண்டு, மதியின் ஆண்டை ஞாயிற்றின் ஆண்டோடு பொருத்தச் சேர்த்த மிகைத் திங்கள்கள். அவர்கள் பகலைக் கொண்டன்றி இரவைக் கொண்டே நாளெண்ணினர் என்று உரோமானியராகிய சீசர் எழுதியுள்ளார். அத்துணை நுட்பமான கணக்கு! எனினும், அப்பலகையின் மொழியைப் பேசுவார் இன்று ஒருவருமிலர். அதன் திங்கட் பெயர்கள் பலவற்றின் பொருளை அறிஞர் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர்.

நம் மொழி வாழ்கிறது. நம் நூலும் உடையவில்லை. ஆயினும், மதிப்பெண்ணுக்கு மட்டும் மனனஞ் செய்த பொழுது, கண்ணுக்குப் புலனாகாப் பொழுதே. அதுவும் ஒருவகை அழிவன்றோ?

ஆசிரியப் பெருமக்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. மாணவர் ஒவ்வொருவரும் ஓராண்டுக்காலம் பொழுதேடு ஒன்று எழுதட்டும். மழை, காற்று, பனி, பிறை, பூக்கும் மரம் ஆகியவற்றைத் தம் ஊரிலே கண்டவாறு குறிக்கட்டும். ஆண்டிறுதியில் அதனை நூற்பாவோடு ஒப்பிட்டு, ஒத்ததையும் ஒவ்வாததையும் அஞ்சாது எடுத்துரைக்கட்டும். செலவோ ஓர் ஏடும் எழுதுகோலுமே. வினவிய அம்மாணவி தன் ஏட்டைத் தொடங்கிவிட்டாள், யாமும் தொடங்கியுள்ளோம்.