அக்கரை விலை

என் வீட்டு டி.வி. ஸ்டாண்டில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சோப்பு டப்பா சைஸ். நாலைந்து வயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "செட்டாப் பாக்ஸா சார்?" என்று கேட்பார்கள். என் சகதர்மிணி காபியை நீட்டிக்கொண்டே, "இல்லீங்க... அது இவரோட பி.காம். சர்டிபிகேட்" என்பாள்.

அந்த சர்டிபிகேட்டுக்கு ஆன செலவு 35,700 ரூபாய். 'சிங்கப்பூர்ல இது பாதி விலை' என்று யாராவது சொன்னால் உடனே செல்போனை எடுக்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் ஆபீஸ் வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. "சித்தன்னவாசல் ஓவியம்தானே அங்கே?" என்பார்கள். ஓவியமும் உண்டு, கடலும் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று சுமார் 40 கிலோமீட்டர். எதிரே பாக் நீரிணை. அதைத் தாண்டினால் இலங்கை.

ஜெகதாப்பட்டினத்தில் என்னோடு ஒன்பதாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருத்தன் இருக்கிறான். பெயர் வேண்டாம், மாப்ளே என்றே வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஒரு ஃபைபர் நாட்டுப்படகு. அதன் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு என்ஜின், 9.9 குதிரைசக்தி. பத்து என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? பாட்டா செருப்பு விலை மாதிரி 9.9! வெளிநாடுகளில் பல ஏரிகளில் 10 குதிரைசக்திக்கு மேல் போகக்கூடாது என்று விதி உண்டாம். அதற்குள் அடக்க அப்படிச் செய்கிறார்கள்.

2019 செப்டம்பரில் ஒரு நாள் அந்த 9.9 படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சி.டி.ஐ. யூனிட் போயிருச்சு தம்பி" என்றார். ஸ்பார்க் பிளக்குக்கு எந்த நேரத்தில் பொறி போகவேண்டும் என்று சொல்கிற பெட்டி. உங்கள் பைக்கிலும் ஒன்று இருக்கலாம்.

டீலரிடம் விலை கேட்டான். 19,500. பாதிப் பணம் கட்டினால் ஆறு நாளில் வரும்.

மாப்ளே எனக்குப் போன் போட்டான். "நீதான் காமர்ஸ் படிச்சவனாச்சே... இது அநியாயம் இல்லையா?"

இந்த இடத்தில் நான் "வாங்கிப் போடுடா" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் படித்த படிப்பு விடவில்லை.

* * *

காலேஜில் எங்களுக்கு ஒரு பாடம். வண்டிச் சத்தமும் வரியும் இல்லையென்றால் ஒரே பொருள் எல்லா ஊரிலும் ஒரே விலைக்குத்தான் விற்கும். அதை வைத்துக்கொண்டு ஸ்வீடனைச் சேர்ந்த கஸ்டவ் காசல், 1918-ல் நாணயங்களின் வாங்கும் சக்தி பற்றிப் பேசினார். 1986-ல் 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை, பர்கர் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று பட்டியல் போட ஆரம்பித்தது. விலை வித்தியாசப்பட்டால், மலிவான இடத்தில் வாங்கி அதிகமான இடத்தில் விற்று எவனாவது லாபம் பார்த்துவிடுவான், வித்தியாசம் தானாகக் குறைந்துவிடும் என்பது சித்தாந்தம்.

எங்கள் கடற்கரைக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1970-லிருந்து 77 வரை இலங்கையில் இறக்குமதிக் கெடுபிடி. இங்கிருந்து கைலியும் பீடி இலையும் ராத்திரியோடு ராத்திரியாக அக்கரைக்குப் போயின. 1977-ல் ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டார். இந்தியா 1991 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது. ரூட் திரும்பியது. அங்கிருந்து ஃபாரின் சாமான் இங்கே. அதே கடல்தான், அதே காற்றுதான். மாறியது சுங்க வரி மட்டும். (இது சரித்திரம் சார், சிபாரிசு இல்லை!)

என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். விசாரிக்கச் சொன்னேன். அன்று சாயந்திரமே பதில். "அண்ணே, 210 டாலர்."

அப்போது ஒரு சிங்கப்பூர் டாலர் 50 ரூபாய் சுமார். 10,500. லாபம் 9,000! மாப்ளேயிடம் சொன்னபோது என் குரலில் இருந்த கம்பீரத்தை ரிசர்வ் பேங்க் கவர்னரிடம்கூட நீங்கள் கேட்டிருக்க முடியாது.

"ஒரு வாரம் பொறு. வந்துரும்."

* * *

ஒரு வாரத்தில் வரவில்லை. தம்பிக்கு லீவு தள்ளிப்போனது. கடைசியில் அவன் ரூம்மேட்டின் மாமா திருச்சி ஃப்ளைட்டில் வந்தார், பதினாறாவது நாள்.

நடுவில் நான் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் விலையில் 7 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்திருந்தது. ஏர்போர்ட்டில் அதைத் திருப்பி வாங்கலாமே என்று ஐடியா கொடுத்தேன். "அது டூரிஸ்டுக்குண்ணே. நான் வொர்க் பர்மிட்" என்றான். இங்கே சுங்கவரி வருமோ என்று பயந்து விதிமுறை படித்தேன். அப்போது இருந்த 2016 பேகேஜ் விதிகளின்படி 50,000 ரூபாய் வரைக்கும் வரி இல்லாமல் இருந்தது, அதற்கு மேலே போனால் 38.5 சதவீதம். நம் பெட்டி தப்பித்தது. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது.

பெட்டியை மெக்கானிக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு உள்ளது. தம்பிது டூ ஸ்ட்ரோக்கு. பிளக்கே சேராது."

அதே கம்பெனி, அதே 9.9! ஆனால், அமெரிக்காவில் 1998-லிருந்து 2006 வரை படிப்படியாக வந்த புகை விதிகளில் பழைய ரக டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் அடிபட்டுப் போயின. ஐரோப்பாவிலும் கெடுபிடி. எனவே ஒரே கம்பெனி, பணக்கார நாடுகளுக்கு ஒரு என்ஜினும், நம்மைப் போன்ற கரைகளுக்கு வேறு என்ஜினும் விற்கிறது. பெயர்ப் பலகை ஒன்று, வயிறு வேறு. நான் தம்பிக்கு அனுப்பிய மெசேஜில் '9.9 சி.டி.ஐ.' என்று மட்டும் இருந்தது. பழைய பெட்டியின் முதுகில் அச்சடித்திருந்த பார்ட் நம்பர் இல்லை. கடைக்காரர் மேல் தப்பில்லை, தம்பி மேலும் இல்லை.

இப்போது கணக்கு. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று ஒரு ஏற்பாடு. என் பதினாறு நாளில் மாப்ளே விட்ட நடை ஒன்பது. படகில் போகிறவர்கள் நாலு பேர். செலவு போக ஆளுக்கு 700 என்று வைத்தாலும் 25,200. பெட்டிக்குப் போட்ட 10,500-ஐச் சேர்த்தால் 35,700. ஒன்பதாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்! டீலரிடம் அந்த 19,500-ஐயும் கட்டி, இன்னும் ஆறு நாள் காத்திருந்தது தனி.

அந்த நாலு பேரில் ஒருத்தர் வீட்டில் பள்ளிக்கூடச் செலவு. அவர் மனைவியின் தோடு அறந்தாங்கியில் அடகுக்குப் போனது. எனக்கு இது பத்து நாள் கழித்துத்தான் தெரியும். மாப்ளே சொல்லவில்லை, மெக்கானிக் சொன்னார். நான் போய் மீட்டுக் கொடுத்தேன். அந்த மூணு வாரத்தில் நான் தப்பில்லாமல் போட்ட ஒரே கணக்கு, அடகுக் கடை வட்டி.

* * *

அதன் பிறகுதான் ஒரு பொருளுக்கு ஏன் நாட்டுக்கு நாடு விலை மாறுகிறது என்று பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு யோசித்தேன்.

முதலில் வரி. இதற்கு நாடு மாறக்கூட வேண்டாம், வேலை மாறினால் போதும். கடல் என்ஜினுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்த சமயம். அதே டீசல் என்ஜின் மீன்பிடிப் படகின் பாகமாகப் போனால் 5 சதவீதம்தான் என்று 2018 ஆகஸ்டில் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டு விளக்க வேண்டியிருந்தது.

அடுத்தது நாணயம். 2022 மார்ச் ஆரம்பம் வரை இலங்கையில் ஒரு அமெரிக்க டாலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதம் 360. 2,000 டாலர் என்ஜின் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம், இரண்டே மாதத்தில் 7.2 லட்சம். ஜப்பானில் ஒரு திருகாணிகூட விலை ஏறவில்லை. யாழ்ப்பாணத்து மீனவர் ஒரு நண்டுகூட அதிகம் தின்னவில்லை. ஆனால் என்ஜின் அவரைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது.

மூன்றாவதுதான் நான் கவனிக்காதது. விலைக்குள்ளே ஒரு ஆளும் இருக்கிறார். டீலர் சொன்ன 19,500-ல் லாபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தப்பான பெட்டி வந்திருந்தால் அதை அவர் மேஜையில் வைத்து, "மாத்திக் குடுங்க" என்று மாப்ளே சத்தம் போட்டிருக்கலாம். சிங்கப்பூர்க் கடையில் யார் போய்ச் சத்தம் போடுவது?

படகுக்கே இந்தக் கதி உண்டு. 2022 பிப்ரவரியில், இலங்கையில் பிடிபட்டுக் கிடந்த இந்தியப் படகுகள் 105-ஐ காரைநகர் உட்பட ஐந்து இடங்களில் ஏலம் விடுவதாக அறிவித்தார்கள். எல்லை தாண்டிய வழக்கின் நியாயம் அநியாயம் வேறு பேச்சு. நான் விலையை மட்டும் சொல்கிறேன். இந்தக் கரையில் ஒருத்தர் பல லட்சம் கடன் வாங்கிக் கட்டிய படகு. அந்தக் கரையில் பல மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் மரம் என்ன, இரும்பு என்ன என்ற விலை. மீட்க முடியாத படகுகளுக்குத் தமிழக அரசு அப்போது கொடுத்த நிவாரணம், விசைப்படகுக்கு 5 லட்சம், நாட்டுப்படகுக்கு ஒன்றரை லட்சம். ஒரே படகுக்கு மூணு விலை. கடன் மட்டும் பழைய விலையில்.

* * *

நீங்கள் கேமரா வாங்குங்கள், லேப்டாப் வாங்குங்கள், படகு என்ஜினே வாங்குங்கள். அக்கரையில் வாங்குமுன் மூன்று கேள்வி. பார்ட் நம்பர் என்ன? கெட்டுப்போனால் எந்த ஊரில் மாற்றித் தருவார்கள்? அதுவரை எத்தனை நாள் உங்களால் சும்மா இருக்க முடியும்? மூன்றாவதுதான் முக்கியம். மாதச் சம்பளக்காரர்களான நமக்கு அது தெரிவதில்லை. லேப்டாப் வராவிட்டாலும் ஒண்ணாம் தேதி வந்துவிடுகிறது.

மாப்ளே என் மேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். போன மாசம் வீட்டுக்கு வந்தவன் டி.வி. ஸ்டாண்டில் பெட்டியைப் பார்த்தான். தூசி தட்டி மறுபடி வைத்தான்.

"பத்திரமா வச்சுக்க மாப்ளே. நம்ம பக்கம் எவனாவது ஃபோர் ஸ்ட்ரோக் வாங்காமலா போயிருவான்!"

ஆகவே, வாசகர்களில் யாரிடமாவது 9.9 ஃபோர் ஸ்ட்ரோக் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். பெட்டி புத்தம் புதுசு. பார்ட் நம்பர் முதுகிலேயே இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளலாம். வாங்கிய விலை 10,500. உங்களுக்காக 9,999.