ஏலத்தில் கேட்போர் தொகை

நிலக்கடலையையோ பருத்தியையோ ஏலத்திற்குக் கொண்டுவரும் விவசாயி, குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பதிலேயே கருத்தாயிருக்கிறார். அது வேண்டியதுதான். ஆயினும் அதனினும் முக்கியமானது கேட்போர் தொகை. ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் என்னும் பொருளாதார நிபுணர் இருவர் 1996-ஆம் வருஷத்தில் இதைக் கணித முறையில் நிரூபித்தனர். இருவர் மட்டும் கேட்கும் ஏலத்தில் எவ்வளவு சாமர்த்தியமாய்க் குறைந்தபட்ச விலை வைத்தாலும், அத்தகைய வரம்பேதுமின்றி மூவர் கேட்கும் ஏலத்தில் சராசரியாய்க் கிடைக்கும் வரும்படியை அது மிஞ்சாது. ஆனால் மூவரும் மெய்யாகவே வாங்க விரும்புகிறவர்களாயும், தனித்தனியே மதிப்பிட்டுப் போட்டியிடுகிறவர்களாயும் இருத்தல் வேண்டும். முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு வந்தால் மூவரும் ஒருவரே. மறைமுக ஏலச் சீட்டும் அப்போது பயன்படாது. முன்பணம் வாங்கிய கடனுக்காகக் களத்திலேயே சரக்கை ஒப்புவிப்பவருக்கோ போட்டி என்பதே கிடையாது. ஆகவே ஏல நாளையும் வரவிருக்கும் சரக்கின் அளவையும் அயலூர் வியாபாரிகளுக்கு முன்னதாகவே தெரிவிக்கக் கிராம உத்தியோகஸ்தர்கள் ஏற்பாடு செய்வது உசிதம்.