கூரையைப் பிரித்தவர்கள்

தவக்காலம் பிறந்ததும் எமது பங்குகளில் ஒரு மாற்றம் நிகழ்வதுண்டு. மாலையானால் தவறணைப் பக்கம் செல்லும் ஆண்கள் பலர் நாற்பது நாட்கள் மதுவைத் தொடுவதில்லை. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும் கணவரைக் கண்டு மனைவி ஆறுதல் அடைகின்றாள். பிள்ளைகள் இரவில் அச்சமின்றி உறங்குகின்றனர். உயிர்ப்பு ஞாயிறன்று திருப்பலி முடிந்து மதிய உணவுக்கு அமருமுன்னரே போத்தல் திறக்கப்படுகின்றது. “நாற்பது நாள் விட்டிருந்தவனுக்கு, விரும்பினால் முற்றாக விட முடியாதா?” என்று அவர் கேட்கின்றார். வீட்டாரும் அதனை நம்புகின்றனர்.

இந்த நம்பிக்கையே பல இல்லங்களில் நோயை ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருக்கின்றது. சில வாரங்கள் நிறுத்தியிருக்க முடிந்தது என்பதைக் கொண்டு ஒருவர் மதுவுக்கு அடிமையாகவில்லை என்று தீர்மானித்துவிட இயலாது. மீண்டும் தொட்டபின் எண்ணிய அளவில் நிற்க அவரால் முடிகின்றதா என்பதையே கவனிக்க வேண்டும்.

ஜோன் யூவிங் என்ற அமெரிக்க மருத்துவர் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகளை வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது எண்ணினீர்களா? பிறர் அதைப்பற்றிக் குறைகூறும்போது எரிச்சல் உண்டாகின்றதா? குடித்ததை நினைத்துக் குற்றவுணர்வு அடைந்ததுண்டா? காலையில் எழுந்ததும் கைநடுக்கம் தீர ஒரு மிடறு தேவைப்பட்டதா? இவற்றில் இரண்டுக்கேனும் ‘ஆம்’ என்ற விடை வருமாயின் வைத்தியரைக் காண்பது அவசியம். வீட்டிலுள்ளோருக்கு வேறு அடையாளங்களும் தெரியும். கோடிப்புறத்து விறகுக் குவியலுக்குள் ஒளித்த போத்தல், முதல்நாள் இரவு பேசியதில் ஒன்றும் நினைவில்லாத காலை, அடகுக்குப் போய்த் திரும்பாத காப்பு. இவற்றை முதலில் காண்பவள் மனைவி. பெரும்பாலும் முதலில் மறைப்பவளும் அவளே.

இதில் அவளைக் குற்றங்கூற எமக்கு உரிமை இல்லை. வேலைத்தலத்துக்கு ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று சொல்லியனுப்புவதும், கடைக்காரரின் கடனை இரகசியமாக அடைப்பதும், கனடாவிலுள்ள மகனுக்கு ‘அப்பா நல்லாயிருக்கிறார்’ என்று தொலைபேசியில் கூறுவதும் குடும்ப மானத்தைக் காக்கும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆயினும் அந்த அன்பு குடியின் விளைவுகளைக் குடிப்பவரின் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றது. அவர் விழும்போதெல்லாம் கீழே மெத்தை விரிக்கப்படுகின்றது. (அதே மகன் விடுமுறையில் வரும்போது விமான நிலையத்தில் வாங்கிய போத்தலைத் தந்தைக்குப் பரிசாகக் கொண்டுவருவதையும் காண்கின்றோம். உண்மை தெரிந்திருந்தால் அவன் அதனை வாங்கியிருக்கமாட்டான்.)

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். கப்பர்நாகூமில் ஆண்டவர் இருந்த வீட்டின் வாசலில் கூட்டம் நெருக்குகின்றது. அவர்கள் கூரையைப் பிரித்து அவரைக் கட்டிலோடு கீழே இறக்குகின்றனர். ‘மனம் வைத்தால் நடக்கலாமே’ என்று அந்நால்வரில் எவரும் அவரிடம் கூறியதாக நற்செய்தியில் இல்லை. அவரைப் போர்வையால் மூடி வீட்டுக்குள் மறைத்து வைக்கவும் இல்லை. ஊரார் பார்த்திருக்கச் சுமந்து சென்றனர். ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு செயற்பட்டார் என்பதே அந்நிகழ்வில் எம்மைத் தொடவேண்டிய இடம்.

நாமோ நோயாளரைச் சுமப்பதற்குப் பதிலாக அவரிடம் சத்தியம் வாங்குகின்றோம். பிள்ளையின் தலையில் கைவைத்து, மடு அன்னையின் திருத்தலத்தில் முழந்தாளிட்டு, செபமாலையைக் கையிலேந்தி எத்தனையோ சத்தியங்கள்! அவை பொய்யாகச் செய்யப்பட்டவை அல்ல. செய்த வேளையில் அவர் உண்மையாகவே அழுதார். ஆனால் நீண்டகாலக் குடியால் மாறிப்போன மூளைக்கும் நரம்புக்கும் சத்தியம் மாத்திரம் மருந்தாகாது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பழக்கமும் கட்டுமீறிய பற்றும் ஒருவருடைய செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கற்பிக்கின்றது. சத்தியம் முறிந்தபின் ‘கடவுளையே ஏமாற்றிவிட்டேன்’ என்ற வெட்கம் அவரை இன்னும் ஆழத்தில் தள்ளுகின்றது.

இங்கே உயிர் சம்பந்தமான ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரையில் கடும் மனக்குழப்பம் தோன்றலாம். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகவும் எவரோ அழைப்பதாகவும் அவர் கூறுவார். அதைப் பேய்க்குற்றம் என்று எண்ணி மந்திரிப்பவரிடமோ, ஆவி ஓட்டும் செபக்கூட்டத்துக்கோ கொண்டுசெல்வோர் எம்மிடையே உள்ளனர். வைத்தியசாலைக்குச் சென்றால் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் விற்றமின் பீ-1 ஊசியும் கொடுத்துக் காப்பாற்றக்கூடிய நிலை அது. குடியை மறக்கச் செய்யும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலப்பதும் வேண்டாம். அதனை உண்டபின் அவர் குடித்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் உள்ளன. 1987 முதல் சாந்திகம் இங்கு உளவளத்துணைப் பணியாற்றி வந்திருக்கின்றது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய உளநல நிறுவகத்தைத் தொலைபேசியில் அழைக்கலாம். போர் 2009இல் முடிந்தபின்னரும் இடப்பெயர்வின், இழப்பின் நினைவுகள் எத்தனையோ பேரை இரவில் உறங்கவிடவில்லை. உறக்கத்துக்காகத் தொடங்கிய குடி பலரிடம் நிலைத்துவிட்டது. அவ்வாறானவரிடம் குடியைப் பற்றி மட்டும் பேசுவது போதாது.

அயர்லாந்தின் டப்ளின் நகரத் தொழிலாளி மாற் டல்பற் சிறுவயதிலேயே குடிக்குள் வீழ்ந்தவர். 1884இல், இருபத்தெட்டு வயதில், மதுவைத் தொடேன் என்று உறுதியெடுத்தபோது, முதலில் மூன்று மாதங்களுக்கு மட்டுமே எடுத்தார். பாவசங்கீர்த்தனம் செய்தார், வேலைக்குமுன் அதிகாலைத் திருப்பலிக்குச் சென்றார், மதுக்கடையில் செலவழிந்துவிடும் என்றஞ்சிக் கையில் பணம் கொண்டுசெல்வதையும் விட்டார். 1925இல் இறக்கும்வரை மீண்டும் குடிக்கவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. மூன்று மாதங்கள் என்ற அந்தச் சிறிய அளவை நாம் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்கும் வீட்டார், இன்றைய ஒரு நாளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பேசுவதற்கும் வேளை உண்டு. வெறியிலிருக்கும்போது வாதாடிப் பயனில்லை. காலையில் தெளிந்திருக்கும்போது, பிள்ளைகள் இல்லாத வேளையில், கண்டதை மட்டும் அமைதியாகச் சொல்லவேண்டும்: “நேற்று இரவு சின்னவன் உங்களுக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே படுத்தவன். நான் கிளினிக்கில் கேட்டுப் பார்த்தேன். நாளைக்கு இரண்டு பேரும் போவம்.” அவர் மறுக்கக்கூடும். அப்படியானால் மனைவி தனியாகவேனும் சென்று ஆலோசனை பெறட்டும். ஆனால் கை ஓங்கப்படும் வீட்டில் பொறுமை என்ற பெயரால் எவரும் அடியைச் சகித்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. பங்குத்தந்தையரும் அதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சிகிச்சை பெற்றவர் மீண்டும் ஒருமுறை விழலாம். அன்றே அவரைத் திரும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள், ஏளனம் வேண்டாம். முதல் நன்மை விருந்திலும் திருமண வீட்டிலும் ‘இன்றைக்கு ஒன்றுதானே’ என்று அவர் கையில் கிண்ணத்தைத் திணிக்கும் உறவினரை வீட்டார் துணிந்து தடுக்கட்டும். அடுத்த உயிர்ப்பு ஞாயிறன்று அவருடைய வீட்டுக்கு விருந்துக்குச் செல்வோர் போத்தலின்றிச் செல்லட்டும். பிள்ளைகளோடு அவரும் அமர்ந்து மதிய உணவை உண்டு முடிக்கட்டும்.