மணப்பெண்ணின் முகம் தடித்தால் யார் பொறுப்பு? மேக்கப் தொழிலுக்கும் வேண்டும் காப்பீடு

வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊர்களில் பிரைடல் மேக்கப் செய்பவருக்குத் தனியாகக் கடை வேண்டியதில்லை. ஒரு பெட்டியும் போனும் போதும். ஆனால் விடிகாலையில் போட்ட மேக்கப்பால் முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணின் முகம் தடித்து, கண் வீங்கினால்? ‘அலர்ஜி, நான் என்ன பண்றது’ என்று நழுவ முடியாது.

காசு வாங்கிச் செய்யும் மேக்கப்பும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ‘சேவை’தான். குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டெல்லி ஓட்டல் சலூன் ஒன்றில் முடியை அதிகமாக வெட்டியதற்கு, 2021-ல் தேசிய ஆணையம் ரூ.2 கோடி இழப்பீடு தரச் சொன்னது. நஷ்டத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. தொகை மாறலாம், வழக்கு அலைச்சல் மாறாது.

இதற்குத்தான் பொறுப்புக் காப்பீடு. வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் பாலிசி வரம்புக்குள் நிறுவனம் ஏற்கும். ஆண்டுக்கு ரூ.20 கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீடு இதற்கு உதவாது. அது கட்டியவருக்கு நேரும் விபத்துக்கு மட்டுமே.

டாக்டர், ஆடிட்டர் எடுக்கும் இந்தப் பாதுகாப்பு கிராமத்து மேக்கப் கலைஞருக்கும் எட்ட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகக் குழு பாலிசி கொண்டுவர அரசு முயலலாம்.

பாலிசி இருந்தாலும் கவனம் குறையக் கூடாது. 2 நாள் முன்பே கொஞ்சம் தடவிப் பார்ப்பது, காலாவதி தேதியோடு பொருளைப் போட்டோ எடுப்பது, ரசீது கொடுப்பது – கிளைம் கேட்கும்போது பேசப்போவது இவைதான்.