தாத்தாவின் ஜாவா: எடைக்குப் போடுவதா, ஓட வைப்பதா?

பல வீடுகளில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மூலையில் கிடக்கிறது. தாத்தா ஓட்டிய ஜாவா அல்லது எஸ்டி. "காயலான் கடையில் போடு" என்கிறார் ஒருவர். "பழுது பார்த்து ஓட்டலாம்" என்கிறார் மற்றொருவர். எது சரி?

மைசூர் வண்டி

ஜாவா, செக்கோஸ்லோவாகியா நாட்டு வண்டி. 1960-களில் மைசூரில் அதைத் தயாரித்தார்கள். பிறகு எஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ம் ஆண்டு தொழிற்சாலை மூடப்பட்டது. 2018-ல் ஜாவாவும், 2022-ல் எஸ்டியும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள்.

பழைய வண்டி இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலுடன் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடும். ஆயிலும் புகையும். புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் இந்த வகை வண்டிகள் மறைந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

15 ஆண்டு ஆன வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு முன்பு 300 ரூபாய் கட்டணம். 2022 ஏப்ரலில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு 2,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்தது.

இன்னொரு வழியும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு புதிய விதி கொண்டு வந்தது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் இந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போக முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம்.

இதில் ஒரு முக்கிய நிபந்தனை இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிசையோ என்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஆகவே வேறு வண்டியின் என்ஜினைப் பொருத்தி ஓட்டினால் இந்தப் பதிவு கிடைப்பது கஷ்டம். அசல் என்ஜினுக்கே உயிர் கொடுக்க வேண்டும்.

எப்படி உயிர் கொடுப்பது?

முதலில் சிலிண்டரை அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போரிங் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் போடுவார்கள். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது.

கிராங்கின் இரு பக்கமும் ஆயில் சீல் உண்டு. விலை குறைந்த பொருள்தான். கிளட்ச் பக்கத்துச் சீல் கெட்டால் கியர் ஆயில் உள்ளே போய் எரியும். வெள்ளைப் புகை வரும். மறுபக்கத்துச் சீல் கெட்டால் காற்று புகும். என்ஜின் சூடேறும். புதிய பிஸ்டனும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது கிளட்ச். ஜாவாவில் கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் விடுபடும். வேறு வண்டிகளில் பழகியவர்கள் இதைச் சரிசெய்யத் திணறுவார்கள். பிளேட் தேய்ந்தால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. இரும்புப் பிளேட் வளைந்தால் கியர் விழாது. கண்ணாடி மேல் பிளேட்டை வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது

பட்டறைக்குப் போகுமுன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதிலுள்ள என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். முதல் பதிவு எந்த ஆண்டு என்றும் பாருங்கள்.

தினமும் ஓட்ட வேண்டுமா? சாதாரணப் பதிவே போதும். 50 ஆண்டைத் தாண்டிய வண்டியை நினைவாக வைத்துக்கொள்ள ஆசையா? பழம்பெரும் வாகனப் பதிவுக்குப் போகலாம். எதுவானாலும் அசல் என்ஜினைக் கைவிடாதீர்கள். சீலும் ரிங்கும் சரியாக இருந்தால் புகை குறையும். வண்டியும் பிழைக்கும், தெருவில் நடப்பவர்களும் இருமாமல் போவார்கள்.